எழுத்துக்கூட்டும் இடத்தில் நின்றுபோகிறவர்கள்

போர்ச்சுகலின் தென்கோடியில் ஒல்யாவ் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அந்தப் பக்கத்து ஏழைக் குடும்பங்களில் மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவள் வீட்டில் இருந்து தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்துப் பிறந்தவள் ஆறேழு வயதில் பள்ளிக்குப் போவாள். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம் கிராமங்களில் அறுபதைத் தாண்டிய எத்தனையோ அக்காக்களின் கதை இதுதான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பேச்சு. தங்கைக்கு எழுத்து தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

நரம்பியல் மருத்துவர் அலெக்சாண்ட்ரே காஸ்ட்ரோ கால்டாஸும் உளவியலாளர் அலெக்சாண்ட்ரா ரெய்ஸும் இந்தப் பெண்களைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. எழுத்தறிவு மட்டும் தனியாக மூளையில் என்ன செய்கிறது என்று கண்டறிவது கடினம். படித்தவரையும் படிக்காதவரையும் சும்மா ஒப்பிட்டால் வறுமை, ஊட்டக்குறைவு, பிறந்த இடம், செய்யும் தொழில் என்று நூறு வேறுபாடுகள் குறுக்கே வந்துவிடும். ஒல்யாவ் பெண்களிடம் அந்தக் குறுக்கீடு மிகக் குறைவு. பள்ளிக்குப் போகாததற்கு அவர்களுடைய அறிவு காரணமல்ல, பிறப்பு வரிசைதான் காரணம்.

1998இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் கொடுத்த வேலை எளிமையானது. ஒரு சொல்லைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். புழக்கத்தில் உள்ள சொல் என்றால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சொன்னார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் கொண்டே கட்டிய, ஆனால் பொருள் ஏதுமில்லாத போலிச் சொல்லைக் கொடுத்தபோது படிக்காதவர்கள் தடுமாறினார்கள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, போலிச் சொல்லைக் கையாளுகையில் படித்தவர்களின் மூளையில் வேலை செய்த சில பகுதிகள் இவர்களிடம் அதே அளவுக்கு இயங்கவில்லை. இரண்டு தரப்பின் காதும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. கேட்ட ஒலியைத் துண்டாக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியை எழுத்து தருகிறது.

போலிச் சொல்லை யார் வாழ்க்கையில் பேசப் போகிறார்கள் என்று தோன்றலாம். முதன்முறையாகக் கேட்கும் மருந்தின் பெயர் யாருக்குமே போலிச் சொல்தான். ‘மெட்ஃபார்மின்’ என்று மருத்துவர் சொன்னதை வீடு வந்து சேரும்வரை மனதில் நிறுத்தி மகனிடம் ஒப்பிக்க வேண்டிய பாட்டியை நினைத்துப் பாருங்கள். புதுத் திட்டத்தின் பெயர், உரத்தின் பெயர், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கிற சான்றிதழின் பெயர் எல்லாமே அப்படித்தான்.

ஒல்யாவ் ஆய்வுக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1979இல், ஜோசே மொராய்ஸும் அவருடைய சகாக்களும் அதே போர்ச்சுகலில் இன்னொரு சோதனை செய்திருந்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்ல வேண்டும். தமிழில் முயன்று பாருங்கள். ‘கடலை’யிலிருந்து முதல் எழுத்தை எடுத்தால் ‘டலை’, அது எளிது. முதல் எழுத்தின் மெய்யை மட்டும், அதாவது ‘க்’ ஒலியை மட்டும், எடுத்தால் ‘அடலை’. இதற்குப் படித்த நாமே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். எழுத்தே கற்காத விவசாயக் குடும்பத்துப் பெரியவர்களால் இதை ஏறக்குறையச் செய்யவே முடியவில்லை. வளர்ந்த பிறகு முதியோர் வகுப்பில் எழுத்து கற்றவர்களோ செய்தார்கள். குழந்தைப் பருவத்தில் கிடைக்காத திறன் வளர்ந்த பிறகும் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. அசையைப் பிரிப்பதிலும் இயைபைக் கேட்டுச் சொல்வதிலும் படிக்காதவர்கள் இவ்வளவு திணறுவதில்லை என்று அதே குழு பின்னாளில் காட்டியது. ஒரு எழுத்தும் அறியாமல் எதுகை மோனை பிசகாத ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. எழுத்தறிவு இல்லாதவர் தெளிவாக யோசிக்க மாட்டார் என்ற எண்ணம் அறிஞர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அதை உடைத்தவர்கள் சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும். ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் வாய் என்ற மக்களுக்குச் சொந்தமாக ஒரு எழுத்து முறை உண்டு. அதைப் பள்ளியில் யாரும் கற்பிப்பதில்லை. நண்பரிடமும் உறவினரிடமும் கற்றுக்கொண்டு கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். பள்ளிப் படிப்பு வேறு, எழுத்தறிவு வேறு என்று பிரித்துப் பார்க்க அரிதாகக் கிடைத்த இடம் அது. 1981இல் வந்த ஸ்க்ரிப்னர், கோல் இருவரின் நூல், வாய் எழுத்து தெரிந்ததால் பொதுவான சிந்தனைத் திறன் உயர்ந்துவிடவில்லை என்று காட்டியது. அந்த எழுத்தை எதற்குப் பயன்படுத்தினார்களோ அதற்கு நெருங்கிய திறன்கள்தான் கூடியிருந்தன. பெரியவர்களுக்கு எழுத்து கற்பிக்கப் போகிற ஒவ்வொருவரும் இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் குடும்பம் நடத்தியவர், வானம் பார்த்து விதைத்தவர், வட்டிக் கணக்கை மனதிலேயே போட்டவர். அவருக்குச் சிந்திக்கக் கற்றுத்தர நாம் போகவில்லை.

மூளைக்குள் நடப்பதை இன்னும் நெருங்கிப் பார்த்தவர் பிரான்ஸின் ஸ்தானிஸ்லாஸ் தெஹான். 2010இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில் பிரேசிலையும் போர்ச்சுகலையும் சேர்ந்த 63 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் 10 பேருக்கு எழுத்து தெரியாது. 22 பேர் வளர்ந்த பிறகு கற்றவர்கள். 31 பேர் சிறுவயதிலேயே கற்றவர்கள். மூளையின் இடப்பக்கம், பின்புற அடிப்பகுதியில் ஒரு சிறு இடம் எழுத்தைக் கண்டதும் இயங்குகிறது. எந்த மொழியைப் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான். மனித குலம் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பரிணாமத்தில் எழுத்துக்கென்று ஒரு தனிப் பகுதி உருவாக அது போதாது. முகத்தையும் பொருளையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை எழுத்து தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஒருவர் எவ்வளவு வேகமாகப் படிக்கிறாரோ அவ்வளவு வலுவாக அந்த இடம் இயங்கியது. வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் அது இயங்கியது. பேச்சைக் கேட்கும்போது வேலை செய்யும் பகுதியும் படித்தவர்களிடம் மாறியிருந்தது.

2009இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஊர் திரும்பி, இருபது வயதுக்கு மேல் எழுத்து கற்ற கொலம்பிய கெரில்லாக்களைப் பற்றியது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்பகுதி அவர்களிடம் கூடுதலாக வளர்ந்திருந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், லக்னோவை அடுத்த கிராமங்களில், பெரும்பாலும் முப்பது வயதையொட்டிய பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மாற்றம் மூளையின் மேற்பரப்போடு நிற்கவில்லை. தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான, பரிணாமத்தில் மிகப் பழைய பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையே தொடர்பு இறுகியிருந்தது. ‘இந்த வயசுல எனக்கு எங்க ஏறப் போகுது’ என்று சொல்கிற எவரிடமும் தயங்காமல் சொல்லலாம்: ஏறும்.

அப்படியானால் முதியோர் கல்வி வகுப்புக்கு வந்தவர்களில் இத்தனை பேர் ஏன் நிலைக்கவில்லை? கற்றதை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏன் மறந்தார்கள்?

விடை வேகத்தில் இருக்கிறது. நமது தற்காலிக நினைவு சில நொடிகளுக்கு மேல் எதையும் பிடித்து வைக்காது. ஒருவர் எழுத்துக்கூட்டி ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நழுவிவிட்டால் அவர் ஒலியெழுப்பியிருக்கிறார், படிக்கவில்லை. உலக வங்கியில் கல்வி வல்லுநராக இருந்த ஹெலன் அபாட்ஸி இதைத் தொடர்ந்து எழுதியவர். பொருள் புரிய வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 முதல் 60 சொற்கள் என்ற வேகமாவது வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே இங்கே எண்ணிக்கை மாறலாம், தத்துவம் மாறாது. சைக்கிள் மிக மெதுவாகப் போனால் சாய்ந்துவிடுவதைப்போல, வாசிப்பும் ஒரு வேகத்துக்குக் கீழே நிற்காது. அந்த வேகத்தை எட்டாமல் நின்றவருக்குப் படிப்பு ஒவ்வொரு முறையும் தண்டனை. தண்டனையை யாரும் தானாக விரும்பி அனுபவிப்பதில்லை. படிக்காமல் விட்டால் இருந்த கொஞ்சமும் போய்விடுகிறது.

நம் எழுத்து முறைக்கென்று சில தடைகள் உண்டு. ஒரு வகையில் தமிழ் நேர்மையான எழுத்து. கண்ணால் கண்டதைப் பெரும்பாலும் வாயால் சொல்லிவிடலாம். ஆனால் 247 எழுத்துகள். குறியீடுகளைப் புரிந்துகொண்டால் அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்றாலும், கண் அவற்றை உடனே இனம் காணப் பழக வேண்டும். கன்னடத்தில் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துகளில் தேர்ச்சிக்குச் சில ஆண்டுகளாவது பிடிக்கின்றன என்று காட்டியிருக்கிறார். நாம் பெரியவர்களுக்குச் சில மாதங்கள் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கிறோம். ‘கொ’ என்ற ஒலியின் துணைக்குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிறது. ‘க’ சில இடங்களில் ஒருவிதமாகவும் ‘பகல்’ என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று வாழ்நாள் முழுதும் சொன்னவருக்கு, ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற 13 எழுத்துகளைக் கூட்டி முடித்த பிறகும், அது தன் வாயில் தினமும் புழங்கும் சொல்தான் என்று கண்டுகொள்ளக் கூடுதலாக ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தில்தான் வேகம் அறுபடுகிறது.

இன்னொன்று, கண். நாற்பது வயதைத் தொட்டதும் பக்கத்தில் உள்ளது மங்கத் தொடங்கும். பகல் வேலை முடிந்து, இரவு எட்டு மணிக்கு மங்கிய விளக்கின் கீழ் வகுப்பு நடக்கிறது. எதிரே பொடி எழுத்துப் புத்தகம். ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று எழுந்து போனவர்களில் பலருக்குக் குறை கண்ணில் இருந்திருக்கும். அஸ்ஸாமில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலைக்கே அப்படியென்றால் எழுத்துக்கு?

இந்தத் தடைகளுக்கு நடுவேதான் நம் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பை வெளியிட்டவர், அந்த இயக்கத்திலேயே எழுத்து கற்ற மலப்புறம் பெண்மணி செலக்கோடன் ஆயிஷா. அந்த அலை தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதன் பெயர் அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான இளம் தொண்டர்கள் சேர்ந்து நடத்தியதைப் பார்த்தவர்கள் இன்றும் குரல் உயரத்தான் பேசுகிறார்கள். வீதி நாடகம், பாட்டு, கல்குவாரிப் பெண்களுக்கான வகுப்பு. பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தந்ததும் அந்த இயக்கம்தான். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார்.

எழுத்தைவிடச் சைக்கிள் ஏன் ஆழமாக வேர் பிடித்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கற்ற மறுநாளே தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட அது பயன்பட்டது. பயன்படுத்தப் பயன்படுத்தக் கால் பழகியது. எழுத்து கற்றவருக்கு மறுநாள் காலை படிக்க என்ன இருந்தது? பஸ்ஸின் பெயர்ப் பலகை, சுவரொட்டி, ரேஷன் கடைக் கரும்பலகை. அதற்கு மேல் ஊரில் எதுவும் இல்லை. புதிதாகப் படித்தவர்களுக்கென்று அறிவொளி பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொண்டுவந்தது மிகச் சரியான சிந்தனை. இயக்கத்தின் வேகம் தணிந்த பிறகு அந்த வரத்து நின்றது. நின்ற இடத்தில்தான் பலருடைய வாசிப்பும் நின்றது.

அரசுக் கணக்கு இதைக் காட்டாது. 1951இல் நாட்டில் எழுத்தறிவு 18.33 சதவீதம், 2011இல் அது 73 சதவீதத்தைத் தொட்டது, தமிழ்நாட்டில் சுமார் 80. பெருமைப்பட வேண்டிய ஏற்றம், சந்தேகமில்லை. ஆனால் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கிறார், வீட்டில் ஒருவர் ‘தெரியும்’ என்கிறார், அவ்வளவுதான். யாரும் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் அந்த 80இல் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது பதில் சொன்ன மருமகளைப் பொறுத்தது. கையெழுத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். மைப் பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி நின்றவர், தன் பெயரைத் தானே எழுதி ஆட்சியரிடம் மனு கொடுத்தபோது அடைந்த நிமிர்வு உண்மையானது. ஆயினும் அதே மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருக்கு இன்னொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொருவர் படித்துச் சொன்னால் போதாதா என்ற கேள்விக்குப் பொருளியலில் நல்ல ஆய்வு இருக்கிறது. 1998இல் கௌஷிக் பாசுவும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும், படிக்கத் தெரியாதவர்களை ஒரே கூட்டமாக எண்ணக் கூடாது என்றார்கள். வீட்டில் படித்தவர் ஒருவராவது இருக்கிறவர் ஒரு வகை, யாருமே இல்லாதவர் வேறு வகை. பின்னர் வங்கதேசத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, படித்த ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் படிக்காதவர் விவசாயம் அல்லாத வேலைகளில் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. ஒருவர் கற்றால் வீட்டுக்கே பயன் என்பதற்கு இது கணக்கோடு கிடைத்த சான்று. திருப்பிப் பார்த்தால் இன்றைய ஊர்களின் ஆபத்தும் இதில் தெரிகிறது. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, வீட்டில் மிஞ்சும் முதியவர்கள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்கிறார்கள். வங்கியில் முன்பின் தெரியாதவரிடம் பாஸ்புக்கை நீட்டி ‘இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா’ என்று கேட்கிறவர், தன் சேமிப்பு முழுவதையும் அந்த ஆளின் நல்ல மனதில் ஒப்படைக்கிறார்.

இப்போது கைப்பேசியே பேசுகிறதே, குரலிலேயே செய்தி அனுப்பலாமே, இனிப் படிக்கத் தெரிந்து என்ன என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் ராபர்ட் லெவைனின் ஆய்வைச் சொல்வேன். நேபாளம் உள்ளிட்ட நாடுகளில் தாய்மார்களின் எழுத்தறிவைச் சோதித்து அவரும் சகாக்களும் எழுதிய நூல் 2012இல் வந்தது. வாசிப்புத் திறன் கூடிய தாய்மார்கள் வானொலியில் சொல்லும் உடல்நலச் செய்தியையும் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். வானொலியில் எழுத்தே இல்லை! அலுவலகமும் மருத்துவமனையும் பேசும் மொழி, எழுத்திலிருந்து வந்த மொழி. அதைக் காதால் பின்தொடரவும் எழுத்துப் பழக்கம் வேண்டியிருக்கிறது. கைப்பேசி வாசித்துச் சொன்னாலும் அதே மொழியில்தான் சொல்லும்.

அரைகுறை வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. 2006இல் வெளியான ஆய்வில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டியின் சீட்டைக் காட்டினார்கள். ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை.’ வாசிப்புத் திறன் ஆறாம் வகுப்பு அளவிலோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாக ஒப்பித்தார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணி வையுங்கள் என்றதும் சரியாக வைத்தவர்கள் 34.7 சதவீதம்தான். இவர்கள் யாரும் கைநாட்டுக்காரர்கள் அல்லர். வளமான நாட்டில் பள்ளிக்குப் போனவர்கள். வாயால் சொல்லிவிட்டார் என்பதற்காகப் புரிந்துகொண்டார் என்று எண்ணுகிற ஒவ்வொரு மருந்தாளரும் செவிலியரும் இந்த இரண்டு எண்களையும் அறிந்திருக்க வேண்டும்.

2022இல் தொடங்கி 2027வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மறுபடியும் வகுப்புகள் நடக்கின்றன. அடிப்படைத் தேர்வும் வைக்கிறார்கள். தேர்வோடு நின்றால் பழைய கதைதான். என் தீர்ப்பு இது: எழுத்தை வகுப்பு தரலாம், வேகத்தை ஊர்தான் தர வேண்டும். அதற்குப் பெரிய பணம் வேண்டாம். வகுப்புக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே கண் பரிசோதனையும் கண்ணாடியும். அரசு ஒட்டும் அறிவிப்புகள் பெரிய எழுத்தில், சின்ன வாக்கியங்களில். மகளிர் குழுக் கணக்கை உறுப்பினர்கள் முறை வைத்து உரக்கப் படிப்பது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது; வேகம் கூட அதைவிட எளிய வழி இல்லை.

நூலகச் சட்டத்தை 1948லேயே கொண்டுவந்த மாநிலம் இது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகக் கட்டடங்களும் இருக்கின்றன; நான் பார்த்த பலவற்றில் பூட்டு தொங்குகிறது. மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து, விளக்குப் போட்டு, பெரிய எழுத்துப் புத்தகம் நூறு வைத்தால் ஊராட்சித் தலைவருக்கு அதைவிட நல்ல பெயர் எதிலும் கிடைக்காது.

இந்தப் பக்கத்தைத் தங்குதடையின்றிப் படித்து வந்த உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுத்துக்கூட்டும் நிலையில் நின்றுபோன ஒருவர் நிச்சயம் இருப்பார். வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம், சொந்தப் பெரியம்மாவாகவும் இருக்கலாம். தினமும் பத்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். அவருக்குத் தேவைப்படுகிற ஒரு தாளை, அவருடைய மின்கட்டண ரசீதையோ பேத்தியின் பாடப் புத்தகத்தையோ, அவரையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் குறுக்கே புகுந்து நீங்கள் படித்துவிடாதீர்கள்.